களை வேறு, கலைப்பு வேறு

மாடித்தோட்டத்தில் செடிகள் ஏன் சாகின்றன என்று கேட்டால் மாவுப்பூச்சி என்பார்கள், மே மாத வெயில் என்பார்கள், புறாத் தொல்லை என்பார்கள். என்னைக் கேட்டால் இரக்கம் என்பேன். மற்ற மூன்றுக்கும் வேப்பெண்ணெய், பச்சை வலை, பழைய சிடி என்று ஏதோ ஒரு வைத்தியம் இருக்கிறது. இரக்கத்துக்கு இல்லை.

சென்னையில் எந்த மாடிக்கு வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். பன்னிரண்டு அங்குலப் பையில் ஒன்பது தக்காளிச் செடி நிற்கும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு, தண்டு நூல்மாதிரி இளைத்து, உச்சியில் மட்டும் ரெண்டு கொத்து இலையோடு. "அக்கா, இதுல ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்ச எட்டையும் எடுத்துடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். "அது எப்டிப்பா மனசு வரும்? நானே போட்ட விதை. பாவம், உயிரு." சரி. அந்த ஒன்பதும் சேர்ந்து ரெண்டு மாசம் கழித்து நாலு தக்காளி காய்க்கும், கோலிக்குண்டு அளவில். பிறகு அதே அக்கா "மாடித்தோட்டமெல்லாம் சும்மா, நம்ம கைக்கு ராசியில்ல" என்று பைகளையெல்லாம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். எட்டைக் காப்பாற்றப் போய் ஒன்பதும் போச்சு, கூடவே ஒரு தோட்டமும் போச்சு.

நெருக்கமாக முளைத்ததில் இடைவெளிக்கு ஏற்ற அளவு விட்டுவிட்டு மிச்சத்தை எடுப்பதற்குப் பயிர் கலைத்தல் என்று பெயர். வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகளில் "கலைத்துவிட வேண்டும்" என்று ஒரே வரியில் வரும். ஊரில் "கலைச்சு விடு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். யூடியூபில் பஞ்சகவ்யத்துக்கு முக்கால்மணி நேரம் பேசுகிறவர்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றச் சொல்கிறவர்கள், முட்டை ஓட்டைப் பொடிக்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரிக்கு வந்ததும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். காரணம் ரொம்ப எளிது. கலைப்பில் விற்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு கத்தரிக்கோல் வேண்டும், அது வீட்டிலேயே இருக்கிறது. அதோடு, குட்டிச் செடியைப் பிடுங்குகிற வீடியோவுக்கு யாரும் லைக் போட மாட்டார்கள்.

முள்ளங்கியை எடுத்துக்கொள்வோம். பொய் சொல்லாத காய் அது. விதைத்த நாலைந்து நாளில் முளைத்துவிடும், நாற்பது நாற்பத்தைந்து நாளில் கணக்கு முடிந்துவிடும். செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர் இடம் கேட்கும். கொடுத்தால் கிழங்கு. கொடுக்காவிட்டால் எலிவால். நீங்கள் எவ்வளவு மண்புழு உரம் போட்டாலும், எவ்வளவு அன்பாகத் தண்ணீர் விட்டாலும், நெருக்கத்தில் நின்ற முள்ளங்கி கீழே பருக்காது. மேலே இலை செழிப்பாக இருக்கும், ஏமாந்துபோவோம். நாற்பதாம் நாள் ஆசையாக இழுத்தால் கையில் வருவது ஒரு வெள்ளை நூல். "விதை சரியில்ல, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். விதை சரியாகத்தான் இருந்தது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட மண்ணுக்கு மேலே நடப்பது இன்னும் சுவாரசியமானது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஒரு நாற்றின்மேல் தொலைச்சிவப்பு அதிகமாக விழுகிறது என்றால் பக்கத்தில் இன்னொரு செடி நிற்கிறது என்று பொருள். நாற்று இதைப் படித்துவிடும். அதற்கென்றே பைட்டோகுரோம் என்ற நிறமி அதன் உடம்பில் இருக்கிறது. பக்கத்துச் செடியின் நிழல் தன்மேல் விழுவதற்கு முன்பே, வெறும் பிரதிபலிப்பை வைத்தே, நாற்று ஆபத்தை உணர்ந்து தண்டை நீட்டத் தொடங்கிவிடுகிறது என்று 1990இல் அர்ஜென்டினா ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதாவது நெருக்கத்தின் நஷ்டம், இலையோடு இலை உரசும்போது ஆரம்பிப்பதில்லை. உங்கள் கண்ணுக்கு "இன்னும் எடம் இருக்கே" என்று தெரிகிறபோதே செடி தன் கையிருப்பை வேருக்கும் இலைக்கும் செலவழிக்காமல் உயரத்துக்குச் செலவழிக்க ஆரம்பித்துவிட்டது. "பாருங்க, எவ்ளோ சீக்கிரம் வளர்ந்துட்டான்!" என்று நீங்கள் ஸ்டேட்டஸ் போடுகிற படம், ஒரு செடி பயந்து ஓடுகிற படம்.

இன்னொரு சேதியும் உண்டு. இது ஜப்பானில் இருந்து. 1950களில் கிரா என்ற சூழலியலாளரும் அவரது சகாக்களும் ஒரே அளவு நிலத்தில் வெவ்வேறு நெருக்கத்தில் பயிர் வைத்துப் பார்த்தார்கள். ஓர் எல்லைக்கு மேல், எத்தனை செடி வைத்தாலும் அந்த நிலம் தருகிற மொத்த எடை கூடவில்லை. அதே எடையைத்தான் எல்லாச் செடியும் பங்கு போட்டுக்கொண்டன. 1963இல் யோடாவும் கிராவும் இன்னும் இருவரும் சேர்ந்து அடுத்ததைச் சொன்னார்கள்: நெருக்கம் அதற்கும் மேலே போனால், வளர வளரச் செடிகள் தாமாகவே செத்துக் குறைந்துகொண்டு வரும், அதுவும் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டு. தாவரவியலில் இதைத் தற்கலைப்பு என்று சொல்லலாம். இந்த இடத்தில் இரக்கவாதிகளின் முழுக் கட்சியும் தோற்றுவிடுகிறது. அவர்கள் நினைப்பது, நம் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று கொல்வது, இன்னொன்று கொல்லாமல் விடுவது என்று. இரண்டாவது வழி கிடையவே கிடையாது. நீங்கள் எடுக்காவிட்டால் செடிகளே ஒன்றையொன்று எடுக்கும். பதினைந்தாம் நாள் நறுக்கென்று முடிய வேண்டியது, ரெண்டு மாசம் பட்டினியாக இழுக்கும். அந்த நெருக்கத்தில் காற்றோட்டம் இல்லாமல், ஈரம் காயாமல், நாற்றழுகல் பூஞ்சை வந்தால் இன்னும் மோசம். காலையில் நின்ற நாற்று சாயங்காலம் தரையோடு வளைந்து கிடக்கும். ஒன்றிலிருந்து பக்கத்துக்கு, அதிலிருந்து அதற்குப் பக்கத்துக்கு. ஒரு தட்டு முழுக்கப் போக ரெண்டு நாள் போதும்.

இந்த வாதத்தில் கட்டாயம் யாராவது வள்ளலாரை இழுப்பார்கள். இழுக்கட்டும். பயிர் வாடுவதைப் பார்த்து மனம் வாடியவர் அவர். ஒரு பையில் ஒன்பதை விட்டு ஒன்பதையும் வாடவைத்துவிட்டு அவர் பெயரைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

சரி, உயிர் உயிர் என்கிறீர்களே, பாக்கெட்டைப் பிரிக்கும்போது அந்த இரக்கம் எங்கே போயிருந்தது? ஒரு கிராம் தக்காளி விதையில் கிட்டத்தட்ட முந்நூறு விதை இருக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு செடி போதும். அதில் பாதிப் பாக்கெட்டை ஒரே தொட்டியில் உப்பு தூவுவதுபோலத் தூவியவர் நீங்கள். முளைத்தபிறகுதான் அவை உங்களுக்குக் குழந்தைகளாகத் தெரிகின்றன. முளைக்காமல் மண்ணில் அழுகியவற்றுக்கு யாரும் அழவில்லை. போன வாரம் சாம்பாருக்கு நறுக்கிய தக்காளியில் எத்தனை விதை சிங்க்கில் ஓடியது என்று யாரும் எண்ணவில்லை. கண்ணில் படுகிற ரெண்டு இலை மட்டும் உயிர் என்றால், அது இரக்கம் இல்லை, பார்வைக் கோளாறு.

கொஞ்சம் விவரமானவர்கள் வேறு வழி சொல்வார்கள். "ஏங்க பிடுங்கிப் போடணும்? எல்லாத்தையும் வேற வேற தொட்டியில நட்டுடலாமே?" கேட்க நன்றாக இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் இது ஓரளவு சரியும்கூட. இவை நாற்றங்காலில் வளர்ந்து இடம் மாறியே பழகிய பயிர்கள். தக்காளியை 25 நாளில் எடுத்து நடலாம், கத்தரி 30–35 நாள், மிளகாய் 35–40 நாள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிப் பழக்க வேண்டும். சாயங்காலம் நட வேண்டும். தூக்கும்போது தண்டைப் பிடிக்கக் கூடாது, இலையைப் பிடிக்க வேண்டும். இலை ஒன்று கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. தக்காளியை மட்டும் முதல் இலைவரை ஆழமாகப் புதைத்தால் புதைந்த தண்டிலும் வேர் விடும். நட்டதும் தண்ணீர், மூன்று நாலு நாள் நிழல். இவ்வளவும் செய்தால் பிழைக்கும்.

ஆனால் முள்ளங்கியைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால்? கேரட்டை? கிழங்காக வேண்டியதே அந்த ஆணிவேர்தான். அதன் நுனி ஒருமுறை ஒடிந்தால் கேரட் ரெண்டு கால், மூன்று கால் முளைத்து, இடியாப்பம் பிழிந்ததுபோல ஒன்று வரும். வெண்டை, அவரை, பீன்ஸ் எல்லாம் நேரே விதைத்து வளர்க்க வேண்டியவை. புடலை, பீர்க்கு, பாகல், சுரை வேரைத் தொட்டாலே முகம் சுளிக்கும். குழித்தட்டில் போட்டு, இளசாக இருக்கும்போதே மண்கட்டி உடையாமல் நகர்த்தினால் தேறும். மண்ணிலிருந்து பிடுங்கி நட்டால் ஒரு வாரம் நின்றுவிட்டு, நம்மைத் திருப்திப்படுத்துவதற்காகக் கொஞ்சம் பச்சையாக இருந்துவிட்டுப் போய்ச்சேரும். கொடிவகைக்குக் குழிக்கு ஐந்து விதை போட்டு, பதினைந்து நாள் கழித்து இரண்டை மட்டும் விட வேண்டும் என்று பரிந்துரையே இருக்கிறது. மூன்று போகும் என்று தெரிந்தே போடுகிற ஐந்து அது.

நடக்கூடியதாகவே இருந்தாலும் எங்கே நடுவீர்கள்? நாற்பது தக்காளி நாற்றுக்கு நாற்பது பை, நாற்பது பைக்கு மண், அதைத் தாங்க மொட்டைமாடி, அதற்குச் சம்மதிக்க வீட்டு ஓனர். இதில் கடைசி ஆள் ஒருவரே போதும் திட்டம் கவிழ.

இதுவரை நான் திட்டியது நல்லவர்களை. இனிமேல் திட்டப்போவது வேறு ஆட்களை. இவர்களுக்குச் செடியைப் பிடுங்குவதில் ஒரு தயக்கமும் கிடையாது. பிடுங்குவதில் ஒரு தத்துவத்தையே கண்டுபிடித்தவர்கள். "இயற்கையே இப்படித்தான் சார். பலவீனமானதை எடுத்தாத்தான் பலமானது மேல வரும்." மேனேஜ்மெண்ட் வகுப்பு எடுப்பவர், நீட் பயிற்சி மையம் நடத்துபவர், சமயத்தில் நம்ம சித்தப்பா. எல்லாரிடமும் ஒரு தோட்டக்கலை உவமை தயாராக இருக்கும். அவர்களில் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு வெந்தயக்கீரைகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு முடிந்த ஏப்ரலில் எங்கள் செக்‌ஷனில் பதினோரு பேரின் வீட்டாரை வரச்சொன்னார்கள். பத்தாவதில் தேறுவது சந்தேகம் என்று அவர்களாகவே முடிவு செய்து, கையில் டி.சி.யைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பேருந்து நிலையத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளக்ஸ் வைத்தார்கள். பதினோரு பேரை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டால் யாருக்கும் வருகிற நூறு சதவீதம் அது. ஜூன் மாதம் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "களை எடுத்தாத்தாம்பா பயிர் வளரும்" என்றார். நாங்கள் கைதட்டினோம், தட்டச் சொன்னார்கள். அந்தப் பதினோரு பேரில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவனும் ஒருவன். கணக்கு வராது. மற்றபடி எங்கள் யாரைவிடவும் நன்றாகக் கதை சொல்வான். வேறு பள்ளியில் சேர்க்க முயன்று, இடம் கிடைக்காமல், அந்த வருடமே ஒரு டைல்ஸ் கடையில் லோடு இறக்கப் போய்விட்டான்.

இந்தப் பேச்சில் இருக்கிற பொய்யை ஓர் எழுத்தில் பிடித்துவிடலாம். களை என்பது ளகர ளை. நாம் விதைக்காதது, அழைக்காமல் வந்தது, கோரை, அருகு, சாரணை. கலைப்பு என்பது லகர லை. நாமே விதைத்தது, அதே விதை, அதே பாக்கெட், அதே தாய். இரண்டும் ஒன்றல்ல. கலைத்து எடுக்கிற முள்ளங்கி நாற்று களை கிடையாது, அதன்மேல் எந்தக் குற்றமும் கிடையாது. அது நல்ல முள்ளங்கி. அதற்குக் கிடைத்த இடம் தப்பு, அந்த இடத்தில் அதைப் போட்டது என் கை. தலைமையாசிரியர் கலைப்பைச் செய்துவிட்டு அதற்குக் களையெடுப்பு என்று பெயர் வைத்தார். பெயரை மாற்றினால் பழி விதைத்தவனிடமிருந்து முளைத்ததன்மேல் நகர்ந்துவிடும்.

உண்மையில் கலைப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கேரட் வரிசை. ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டாவது சென்டிமீட்டரில் பிரமாதமான ஒரு நாற்று நிற்கிறது, ஆறாவதில் சுமாரான ஒன்று. ஏற்கெனவே பூஜ்ஜியத்தில் ஒன்றை விட்டாயிற்று. போவது எது? பிரமாதமானது. இந்த வேலையைச் செய்கிற யாருக்கும் இது தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் நல்லது போகும், சுமாரானது நிற்கும். நின்ற சுமாரானது இடம் கிடைத்ததும் பத்து நாளில் தேறிவிடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ரெண்டில் தண்டு தடித்ததை விட்டு மற்றதை எடுப்பது உண்டு, மறுக்கவில்லை. நோய் பட்டதை முதலில் எடுப்பதும் உண்டு. ஆனால் எத்தனை நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நாற்றின் தகுதி இல்லை, மண்ணின் அளவு. பீட்ரூட்டில் இன்னும் வேடிக்கை. அதில் நாம் விதை என்று போடுவது ஒற்றை விதை அல்ல, ரெண்டு மூன்று விதை சேர்ந்த கொத்து. ஒரு புள்ளியில் ஒட்டிப் பிறந்து ரெண்டு மூன்று முளைக்கும். எவ்வளவு சிக்கனமாக விதைத்தாலும் கலைத்தே தீர வேண்டும். அங்கே யாருக்கு என்ன தகுதி?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று ஒரு பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதைச் சொன்னவர் நாற்றங்காலைத் தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். முளையில் தெரிவது, அந்த விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்தது, அதன்மேல் எவ்வளவு தண்ணீர் பட்டது, தட்டின் ஓரத்தில் இருந்ததா நடுவில் இருந்ததா என்பதுதான். முதலில் முளைத்தது மேலாக விழுந்ததாக இருக்கும். நாற்றுத்தட்டில் எல்லாரையும் விட உயரமாக நிற்பதைப் பார்த்து நாம் மயங்குகிறோம். அது பெரும்பாலும் வெளிச்சம் போதாமல் நீண்டுபோனது, நட்டால் முதல் காற்றில் விழும். உயரத்தைப் பார்த்து நாற்று எடுக்கிற ஆளை எந்த நர்சரியிலும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

எடுத்ததைத் தூக்கியா எறிந்தார்கள்? நெல் நடுகிறவர்கள் மிச்ச நாற்றை வயல் மூலையில் ஒரு முடிச்சாகச் செருகி வைப்பார்கள். நட்ட பத்து நாளில் அங்கங்கே செத்துப்போன இடத்தில் அதிலிருந்து எடுத்து வைப்பார்கள். பாடுவாசி நிரப்புவது என்று பெயர். மூலையில் நின்றதும் நடுவில் நின்றதும் அறுப்பின்போது ஒரே கட்டில்தான் வரும். பயிற்சி மையக்காரர்களின் தோட்ட உவமையில் இந்த மூலை மட்டும் எப்போதும் காணாமல் போகிறது. அதைவிட முக்கியமானது ஒன்றும் காணாமல் போகிறது. என் பை பன்னிரண்டு அங்குலம், அதை நான் இழுத்துப் பெரிதாக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெஞ்ச் போடலாம். இன்னொரு வாத்தியாரை வைக்கலாம். போட மனமில்லாதவர்கள்தான் அதைப் பையாக்கிக் காட்டுகிறார்கள்.

நெல் என்று ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். குறைவாக வைத்தால் குறைவாக விளையும் என்று நினைப்பது மாடிக்காரர்கள் மட்டும் இல்லை. ஒற்றை நாற்று நடவு, அதாவது திருந்திய நெல் சாகுபடி, தமிழ்நாட்டுக்கு வந்தபோது இதே சண்டைதான். மடகாஸ்கரில் 1980களில் ஆன்றி டி லொலானி என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை. இங்கே அரசு அதற்கு ராஜராஜன் 1000 என்று பெயரெல்லாம் சூட்டியது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டருக்கு ஒன்று. விதை ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். வழக்கமான முறையில் இருபதைத் தாண்டும். நட்ட முதல் ரெண்டு வாரம் வயல் வெறிச்சென்று கிடக்கும். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்து "என்னப்பா இது, மாடு மேஞ்ச மாதிரி" என்பார்கள். பிறகு ஒவ்வொரு நாற்றும் பக்கவாட்டில் தூர் கட்டும், இடம் நிரம்பும். இந்த முறையில் சிக்கல்களும் உண்டு. நடவு ஆள் பழக வேண்டும், களை அதிகம் வரும், கோனோவீடரை உருட்ட வேண்டும், தண்ணீரைக் கட்டுப்படுத்த முடிகிற வயலாக இருக்க வேண்டும். எல்லா ஊரிலும் அது நிலைக்கவில்லை. ஆனால் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்துப் பயப்படாமல் ரெண்டு வாரம் இருக்கத் தெரிந்தவர்களுக்கு அது என்ன செய்தது என்று தெரியும்.

மாடிக்குத் திரும்புவோம். இரக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே சமாதானம் அடுப்படியில் இருக்கிறது. கலைத்ததைத் தின்னலாம். தண்டுக்கீரையை நெருக்கமாகத் தூவி, இருபது இருபத்தைந்து நாளில் இடையிடையே வேரோடு பிடுங்கிப் பாருங்கள், முளைக்கீரை மாதிரி மசியல் செய்யலாம். நின்றது தண்டு பருத்து அடுத்த மாசம் புளிக்குழம்புக்கு ஆகும். ஒரே விதைப்பில் இரண்டு கீரை. அந்தக் காலத்துக் கொல்லைகளில் இதைக் கலைப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "இன்னிக்குக் கொஞ்சம் கீரை பிடுங்கிட்டு வா, நெருக்கமா இருக்கற எடமாப் பாத்து" என்று பாட்டி சொல்வார், பிள்ளை பிடுங்கிக்கொண்டு வரும், முடிந்தது. அதில் பாவமும் இல்லை, தத்துவமும் இல்லை, அன்றைய மத்தியானச் சாப்பாடு இருந்தது. முள்ளங்கி நாற்றைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், இளசில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பீட்ரூட் நாற்றையும் பொரியலாக்கலாம். இதையே சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மைக்ரோகிரீன்ஸ் என்று எழுதி வைத்தால் அதே இரக்கவாதிகள் காசு கொடுத்து வாங்குவார்கள். தக்காளி, கத்தரி நாற்றை மட்டும் வாயில் வைக்காதீர்கள். அவற்றின் இலை தின்பதற்கில்லை. நட இடம் இல்லாவிட்டால் நறுக்கி உரக்குழியில் போடுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள்.

"குறைவா விதைச்சா கலைக்கவே வேண்டாமே?" என்று இதைப் படிக்கிற புத்திசாலி ஒருவர் கேட்பார். பாதி சரி. ஆனால் சான்று பெற்ற விதையிலேயே இந்தியத் தரம் கேட்கிற குறைந்தபட்ச முளைப்புத் திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் முள்ளங்கிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கேரட்டுக்கும் 60. அதாவது மிளகாய் விதை பத்தில் நாலு முளைக்காவிட்டாலும் விற்றவர்மேல் தப்பில்லை. இதற்குமேல் எறும்பு தூக்கும், மைனா கிளறும், மழை அடிக்கும். பத்து செடி வேண்டுமென்றால் பத்தே விதை போடுகிற ஆள் நாலு காலி இடத்தோடு நிற்க வேண்டியதுதான். கூடுதலாகப் போடுவது நம் பயத்துக்காக நாமே வாங்குகிற கடன். கலைப்பு அந்தக் கடனுக்கான தவணை. வாங்கினது நாம், கட்ட வேண்டியதும் நாம். நாற்றின் தலையில் கட்ட முடியாது.

ஆகவே குழிக்கு ரெண்டு விதை போடுங்கள், கைப்பிடியாகத் தூவாதீர்கள். வித்திலை ரெண்டும் விரிந்து, அதற்கு மேலே நிஜ இலை தலைகாட்டுகிறபோது முதல் கலைப்பு. அதற்கு முன்னால் எதைப் பார்த்தும் எதையும் தீர்மானிக்க முடியாது, எல்லாம் ஒரே முகமாக இருக்கும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டுக்கு ஒரே நாளில் முழு இடைவெளிக்குப் போக வேண்டாம். முதலில் பாதி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மீதி. நடுவில் எறும்போ நத்தையோ ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிடுங்குவதாக இருந்தால் முதலில் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள். ரொம்ப நெருக்கமாக இருந்தால் பிடுங்கவே கூடாது, நிற்க வேண்டியதன் வேரும் கூடவே அசைந்துவிடும். சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுங்கள், வேர் அங்கேயே மக்கட்டும். சாயங்காலம் செய்யுங்கள். முடித்ததும் பூவாளியால் லேசாகத் தண்ணீர், ஆடிப்போன மண் நாற்றின் கழுத்தோடு படியும்.

ரெண்டும் ஒரே உயரம், ஒரே தடிமன், ஒரே பச்சை, ஒரே குழி என்றால் எதை எடுப்பது என்று கேட்டு நிறையப்பேர் அரைமணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். நான் இடது பக்கம் இருப்பதை எடுப்பேன். கத்தரிக்கோல் வலது கையில் இருக்கிறது, அந்தப் பக்கம் எடுக்கத்தான் வாகாக இருக்கும்.